இருமியது யார்

கோண்டாவிலில் வந்து இறங்கியபோது
சவேலி ரகாதினுக்கு ஐம்பத்தெட்டு வயது.
அவருடைய நாட்டில் முத்திரையில் அவர் முகம் இருந்தது.
இங்கே கோயில் வாசலில்
‘சேட்டைக் கழற்றும்’ என்றார்கள்.
கழற்றினார்.
இடது தோளின் கீழ் ஒரு பழைய குண்டுக்காயம்,
தேங்காய்க் கண்ணளவு.

தில்லையம்பலத்தார் அப்போது வாசிப்பை நிறுத்தி
சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தார்.
காயத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.
பிறகு வாசித்ததை
அந்தக் காயத்துக்காகவே வாசித்தார் என்று
சவேலி கடைசிவரை நம்பினார்.
(அடுத்த உருப்படி எப்படியும் அதுதான்.
தவில்காரரைக் கேட்டால் சொல்லுவார்.)

நான் மொஸ்கோவில் ஆறு வருடம்
டீசல் எஞ்சின் படித்தவன்.
மொழி அங்கே கையில் ஒட்டிக்கொண்டது, கிறீஸ் மாதிரி.
ஆகவே பதினாலு வருடம்
இரண்டு பேருடைய கடிதங்களும்
என் மேசையைத் தாண்டித்தான் போயின.

சவேலி எட்டுப் பக்கம் எழுதுவார்.
பனி. நித்திரை வராத இரவுகள்.
தணிக்கைக்காரன் வெட்டிய அத்தியாயம்.
மனைவி வீட்டைவிட்டுப் போனபோது
சமோவாரையும் கம்பளியில் சுற்றிக் கொண்டுபோன விதம்.
தில்லையம்பலத்தார் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்:
‘சுகம். மழை இல்லை.
வெங்காயம் விலை விழுந்துபோச்சு.
உமக்கு வயிறு இப்ப எப்பிடி?’
அவ்வளவுதான்.

இதையா அனுப்புவது,
உலகம் வாசிக்கிற மனிதனுக்கு?
கொஞ்சம் சேர்த்தேன்.
முதலில் ஒரு நிலவு. பிறகு அளவாகத் துக்கம்.
‘மூச்சு முடிகிற இடத்தில்தான் சுரம் தொடங்குகிறது’
என்று ஒரு வரி.
அவர் காதில் விழுந்திருந்தால்
‘விசரோ உமக்கு’ என்றிருப்பார்.
மூச்சு முடிந்தால் முடிந்ததுதான் அவருக்கு.

சவேலியின் ஏழாவது நாவலில்
முதற்பக்கத்தில் அந்த வரி இருந்தது.
கீழே: தில்லையம்பலம், யாழ்ப்பாணம்.
கொண்டுபோய்க் காட்டினேன்.
தன் பெயரை விரலால் தடவி
‘இதென்ன, கூரை மாதிரி ரெண்டு எழுத்து’ என்றார்.
மேலே என்ன எழுதியிருக்கு என்று கேட்டார்.
‘வயிறு சுகமாம்’ என்றேன்.
அன்றைக்கு எனக்கு இரண்டு தரம் தேத்தண்ணி.

எண்பத்தாறில் ஒரு கசெற் அனுப்பினோம்.
ஆகிரி.
‘ஆகிரி வாசிச்சால் அண்டைக்குச் சோறில்லை’
என்று பயம் காட்டினேன்.
‘அப்ப நீர் சாப்பிட்டிட்டு வாரும்.’
நடுவில் ஹெலி ஒன்று போனது,
நிறுத்தி, காத்திருந்து,
முதலில் இருந்து தொடங்கினோம்.
நாற்பது நிமிடம். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.
சும்மா இருந்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பதில்.
எட்டுப்பக்கக்காரனிடமிருந்து அரைப் பக்கம்.
‘கேட்டேன்.
பதினேழாவது நிமிடத்தில் ஒரு துலா கிறீச்சிட்டது.
இருபத்திரண்டில் யாரோ இருமினார்கள்,
உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, அடக்கி,
குழப்பக் கூடாதே என்று.
அந்த ஆளைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.
இருமியது யார்?’

கூட்டாமல் குறைக்காமல் வாசித்துக் காட்டினேன்.
தில்லையம்பலத்தார் எழும்பிப்போய்
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.
‘எழுதும்:
அது எங்கட எஞ்சினியர்.
அவருக்கு எப்பவும் தொண்டைக்குள்ள ஏதோ நிக்கும்.
நல்ல மனிசன்.
கடிதத்தில கொஞ்சம் கூடக் கதைப்பார் எண்டு நினைக்கிறன்.
பரவாயில்லை.’

எழுதினேன், அப்படியே.
அடுத்த கிழமை வடமராட்சிப் பக்கம் ஷெல்.
தபால் நின்றது. அது எங்கே கிடக்கிறதோ.
அதில் என்னுடையது முத்திரை மட்டும்,
நாலு ரூபா அறுபது சதம்.